யானிஸ்: ஒரு லாத்வியப் பெயரைத் தமிழில் பிழையின்றி எழுத

யோவானின் லாத்விய வடிவம் யானிஸ். ஐரோப்பிய நாடான லாத்வியாவின் ஆண்களிடம் மிகப் பரவலான பெயர். ஆங்கிலச் செய்தியை மட்டும் பார்த்து எழுதுபவர்கள் இதை 'ஜானிஸ்' ஆக்கிவிடுகிறார்கள். முதல் எழுத்து பார்வைக்கு ஆங்கில 'ஜே'தான். லாத்வியத்தில் அதன் ஒலி 'ய'.

முதலில் லாத்விய எழுத்துக்கூட்டலைத் தேடி எடுங்கள். உயிரெழுத்தின் மேல் கோடு இருந்தால் நெடில். ஆங்கிலப் பத்திரிகைகள் அந்தக் கோட்டை விட்டுவிடும். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 90.10 மீட்டர் ஈட்டி எறிந்து தங்கம் வென்ற யானிஸ் லூஸிஸ், 'லுசிஸ்' ஆவது அப்படித்தான். குறிலையும் நெடிலையும் பிரித்துக் காட்டும் எழுத்து நம்மிடம் இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் விடக்கூடாது. அடுத்து, ஆங்கில 'டி' இருக்கும் இடத்தில் 'த' போடுங்கள். லாத்வியர் நாக்கு பல்லைத் தொடுகிறது. முதல் குடியரசுத் தலைவர் (1922–1927) யானிஸ் சக்ஸ்தே, 'சாக்ஸ்டே' அல்ல. அந்தச் 'ச', 'பச்சை'யில் ஒலிப்பதுபோல வல்லொலி. எழுத்தில் அது தெரியாது; முதல்முறை வரும்போது அடைப்புக்குறிக்குள் சொல்லிவிடுங்கள்.

அதிகம் சறுக்குவது வேற்றுமையில். 'யானிஸின்' என்பதற்கு லாத்வியத்தில் 'யாஞ', 'யானிஸுக்கு' என்பதற்கு 'யானிம்'. தலைநகர் ரீகாவில் உள்ள புனித யோவான் தேவாலயம் 'யாஞ பஸ்னீத்ஸ'. அதைப் பார்த்துப் பெயரே 'யாஞ' என்று எழுதிவிடாதீர்கள். எந்த உருபோடு கிடைத்தாலும் எழுவாய்க்குத் திருப்பி, பிறகு தமிழ் உருபைச் சேர்க்க வேண்டும்: யானிஸுக்கு, யானிஸால். ஈற்று 'ஸ்' ஆண்பால் எழுவாய் விகுதி, வெட்டக்கூடாது. குடும்பப் பெயர் பெண்ணுக்கு வரும்போதுதான் விகுதி மாறும்: லூஸிஸ், லூஸே.

அடியில் சிறு குறி இட்ட 'ன'கரத்துக்கு நம் 'ஞ' கச்சிதமாகப் பொருந்தும், 'ன்ய' வேண்டாம். ஜூன் 24 யானிஸ்களின் பெயர் நாள் (நாட்காட்டியில் அந்தப் பெயருக்கு ஒதுக்கிய நாள்), அன்றைய கோடைத் திருவிழா 'யாஞி'. 1932 லாஸ் ஏஞ்சலஸில் 50 கி.மீ. நடைப் போட்டியில் வெள்ளி வென்று லாத்வியாவுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் தந்தவர் யானிஸ் தலிஞ்ஷ். ஆங்கில வழி வந்தால் இவர் 'டாலின்ஸ்' ஆகி, தேடினாலும் கிடைக்கமாட்டார்.

கவிஞர் ரைனிஸ் (1865–1929) மட்டும் தனி. இயற்பெயர் யானிஸ் பிலியெக்ஷான்ஸ், ரைனிஸ் புனைபெயர். முன்னால் யானிஸ் சேர்க்காமல் அதைத் தனியாகவே எழுதுங்கள்.

யானிஸ் என்ற நண்பரை நேரில் கூப்பிடும்போது 'ஸ்' போய்விடும்: "யானி!" மடலின் தொடக்கத்திலும் அப்படியே.