மழைக்கும் பனிக்கும் தாங்கும் ரைஃபிள்: ஏற்காட்டுக்காரர்கள் பார்த்து வாங்க வேண்டியவை

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டை குற்றம். துப்பாக்கி உரிமம் கையில் இருப்பதாலேயே விலங்கைச் சுட முடியாது. இந்தக் குறிப்பு உரிமத்தோடு இலக்குப் பயிற்சிக்கு வாங்குவோருக்கு.

முதலில் கட்டையை, அதாவது குழலைத் தாங்கும் பிடிப்பகுதியைப் பாருங்கள். ஏற்காட்டு மூடுபனியில் வால்நட் மரம் ஈரம் குடித்து ஊதும், குழலை ஒரு பக்கமாக நெட்டும். நேற்று நடுவில் பட்ட குண்டு இன்று விலகிப் போவது அதனால்தான். ஃபைபர் கட்டை ஊதாது. துப்பாக்கிக்குள் குண்டு இல்லை என்று உறுதிசெய்தபின், கடையிலேயே ஒரு பத்து ரூபாய் நோட்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்து, முனையிலிருந்து பின்னோக்கி இழுங்கள். சிக்கும் இடத்தில் உரசல் இருக்கிறது. சில மாடல்களில் முனையருகே வேண்டுமென்றே தாங்கல் விட்டிருப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

குழல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா? நல்லது. ஆனால் அதுவும் துருப்பிடிக்கும், மெதுவாக. உள்ளே ஸ்பிரிங்கும் திருகாணிகளும் பெரும்பாலும் சாதா இரும்புதான். கருநீலப் பூச்சுக் குழலில் வியர்வை விரல் பட்ட இடம் துடைக்காமல் விட்டால் விடிவதற்குள் செம்புள்ளி தெரியும்.

நனைந்து வந்ததும் துடைத்து, ஆறவிட்டு, மெல்லிய எண்ணெய் பூசுங்கள். தோல் உறையில் போட்டு மூடவே கூடாது. உறை குடித்த ஈரமெல்லாம் இரும்பில்தான் இறங்கும்.