சூரத் தானி ஸ்டேஷனில் இறங்கி சமூய் தீவுக்குப் போவது எப்படி

தாய்லாந்தின் கோ சமூய், கோ பாங்கான் தீவுகளுக்கு பாங்காக்கிலிருந்து ராத்திரி ரயிலில் போவதுதான் எனக்குப் பிடித்த வழி. ஆனால் ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்: சூரத் தானி ஸ்டேஷன் சூரத் தானி நகரத்தில் இல்லை. 12 கிலோமீட்டர் போலத் தள்ளி, புன்பின் என்கிற சின்ன ஊரில், தாபி ஆற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது. படகு ஏறும் டோன்சாக் துறைக்கு, நகரத்தையும் தாண்டி இன்னும் 60 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். (பெயர்களைப் பார்த்தீர்களா? நம் குஜராத்தின் சூரத்தும் தபதி ஆறும்தான். 1915இல் மன்னர் வஜிராவுத் ஊருக்கு இந்தப் பெயரை வைத்தார்.)

தூர ரயில்கள் இப்போது குருங் தேப் அபிவாட் நிலையத்திலிருந்து கிளம்புகின்றன, பழைய ஹுவா லாம்போங்குக்குப் போய் நிற்காதீர்கள். இரண்டாம் வகுப்பு ஏசி ஸ்லீப்பரில் கீழ் பெர்த் எடுங்கள். விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் அகலம், ஜன்னலும் உங்களுக்குத்தான். இருட்டியதும் பணியாளர் வந்து எதிரெதிர் சீட்டுகளை இழுத்துச் சேர்த்து, மெத்தை போட்டு, வெள்ளை விரிப்பை இழுத்துச் செருகி, திரையை மாட்டிவிட்டுப் போவார். சுகமாகத் தூங்கலாம், ஆனால் அலாரம் வைத்துக்கொண்டு தூங்குங்கள், ஏனென்றால் ரயில் சூரத் தானியோடு நிற்காமல் தெற்கே போய்க்கொண்டே இருக்கும், இறங்கும் நேரமோ பெரும்பாலும் விடியும் முன்.

பஸ்ஸும் படகும் சேர்ந்த டிக்கெட்டாக வாங்கிவிடுங்கள், தனித்தனியாகப் பேரம் பேசி அலைய வேண்டாம். சட்டையில் ஒரு கலர் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், நீங்கள் எந்தத் தீவு என்பதற்கு அதுதான் அடையாளம். தீவு வரும்வரை பிய்க்காதீர்கள். ரயில் தாமதமாவது சகஜம் என்பதால் முதல் படகைப் பிடிக்கும் கணக்கு வேண்டாம், அடுத்ததற்குப் போடுங்கள். டோன்சாக்கிலிருந்து சமூய்க்கு கார் ஏற்றும் பெரிய படகில் ஒன்றரை மணி நேரம், பாங்கானுக்கு இரண்டரை. கோ டாவ் தீவு மட்டும்தான் என்றால் இவ்வளவு தூரம் வராமல் முன்னாலேயே சும்போன் ஸ்டேஷனில் இறங்கிவிடுங்கள், அங்கிருந்து பக்கம்.

அப்புறம், மழை. இந்தப் பக்கத்துக் கடலுக்கும் நம்மைப் போல வடகிழக்குப் பருவமழைதான், அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டும், நவம்பரில் படகு ரத்தானாலும் ஆச்சரியமில்லை. அந்த மாதங்களில் திரும்பும் ரயிலுக்கும் பாங்காக் விமானத்துக்கும் நடுவே ஒரு முழு நாளை விட்டுவைத்து டிக்கெட் போடுங்கள்.