டூர்மலினா, அபடைட்டா?

டூர்மலின், அபடைட் இரண்டும் ரத்தினக் கற்கள். அபடைட் என்ற பெயருக்கே ஏமாற்று என்றுதான் அடிப்பொருள். ஆளாளுக்கு இதை வேறு கல் என்று நினைத்துக்கொண்டிருந்ததால், 1786-இல் ஜெர்மன் கனிமவியலாளர் வெர்னர் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்து வைத்த பெயர். என்னையும் ஏமாற்றியிருக்கிறது. நீலப்பச்சைக் கல் ஒன்று, ரிஃப்ராக்டோமீட்டரில், அதாவது கல்லுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்ற ஒளிவிலகல் எண்ணை அளக்கும் கருவியில், 1.63 காட்டியது. டூர்மலின் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், அது அபடைட். டூர்மலினுக்கும் அபடைட்டுக்கும் ஒளிவிலகல் எண் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்த ஒரு எண்ணை நம்பியது என் தப்பு.

இப்போதெல்லாம் முதலில் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் (கைலென்ஸ்). கல்லின் மேல்முகம் வழியாக அடிப்பக்கப் பட்டைகளின் விளிம்பைப் பார்ப்பேன். டூர்மலினில் அந்த விளிம்பு இரண்டு கோடாகத் தெரியும், ஏனென்றால் அதன் இரட்டை விலகல் (ஒளி இரண்டாகப் பிரியும் அளவு) சுமார் 0.018 முதல் 0.020 வரை. அபடைட்டில் 0.002 முதல் 0.008 வரைதான், சிறிய கல்லில் ஒற்றைக் கோடாகவே நிற்கும். ஒரே கோணத்தில் பார்த்து முடிவு கட்டாதீர்கள், கல்லைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஒளி அச்சின் திசையில், அதாவது ஒளி இரண்டாகப் பிரியாத திசையில், டூர்மலினும் ஒற்றைக் கோடுதான் காட்டும்.

அப்படியே பட்டைகளின் முனைகளையும் கவனியுங்கள். கீறலைத் தாங்கும் திறனை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் அபடைட்டின் கடினம் 5தான். கொஞ்ச நாள் அணிந்த கல்லென்றால் முனைகள் மழுங்கி, மேல்முகத்தில் பொடிக் கீறல்கள் இருக்கும். அதற்காக ஊசியால் கீறிச் சோதிக்க வேண்டாம், கல் வீணாகிவிடும்.

அடுத்து எடை. காற்றில் 1.59 காரட், தண்ணீரில் 1.09 என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 0.50. 1.59-ஐ அதனால் வகுத்தால் 3.18, அபடைட்டின் ஒப்படர்த்தி (தண்ணீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்பது). டூர்மலின் பெரும்பாலும் 3.06-ஐ ஒட்டி வரும். கல்லில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு கெட்டுப்போகும், தண்ணீரில் ஒரு துளி சோப்பு விடுங்கள்.

நீலக் கல்லாக இருந்தால், கல்லின் இரு நிறங்களைப் பக்கம் பக்கமாகக் காட்டும் டைக்ரோஸ்கோப் வேலையைச் சுலபமாக்கும்: அபடைட் என்றால் ஒரு கட்டத்தில் நல்ல நீலம், பக்கத்துக் கட்டத்தில் வெளிறிய மஞ்சள். மஞ்சள் கல்லுக்கு, ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரோஸ்கோப். அபடைட்டில் 580 நானோமீட்டரை ஒட்டி (மஞ்சள் பகுதியில்) மெல்லிய கருங்கோடுகள் கூட்டமாக நிற்கும்; அருமண் தனிமங்களின் வேலை அது. ஆனால் டான்புரைட் என்ற வேறொரு ரத்தினக் கல்லின் மஞ்சள் வகையிலும் இதே கோடுகள் வரலாம், ஒளிவிலகல் எண்ணும் நெருக்கம். சரி, அப்போது மறுபடி தராசுதான்: டான்புரைட் 3.00.