கூட்டாக இராணுவ விமானம் வாங்குவது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசிய விமானப்படையின் பட்டர்வொர்த் தளத்து ஹார்னட் போர் விமானங்கள் பாடாங் செராய் பக்கம் இரைச்சலோடு போனால் போதும், ஒட்டுக்கடையில் யாராவது ஆரம்பித்துவிடுவார்கள்: "நாலைஞ்சு நாடு சேர்ந்து மொத்தமா வாங்கினா பாதி விலைக்குக் கிடைக்காதா?" நல்ல கேள்விதான். பதில் சொல்லும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள்.

முதல் தவறு, லாபத்தை வாங்கும் விலையில் தேடுவது. பெரிய செலவே வாங்கிய பிறகுதான்: உதிரிபாகம், பழுதுபார்ப்பு, பயிற்சி. நம் மலேசியாவின் கதையையே பாருங்கள். 1995இல் ரஷ்ய மிக்-29, 1997இல் அமெரிக்க ஹார்னட், 2007 முதல் ரஷ்ய சுகோய். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம். ஹார்னட் எட்டே எட்டு. வகைக்கு ஒரு கிடங்கு, வகைக்கு ஒரு பயிற்சி. 2018இல் அப்போதைய தற்காப்பு அமைச்சர் முகமட் சாபு நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு பலருக்கு ஞாபகம் இருக்கும்: 28 ரஷ்யப் போர் விமானங்களில் பறக்கும் நிலையில் இருந்தவை நான்கு.

கூட்டின் பலன் இந்த இடத்தில்தான் தெரியும். ஹங்கேரியில் பாப்பா என்ற ஊரில் 12 நாடுகள் சேர்ந்து மூன்று சி-17 சரக்கு விமானங்களை வைத்திருக்கின்றன. எந்த விமானமும் ஒரு நாட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. பறக்கும் மணி நேரத்தில்தான் பங்கு. செம்பனைத் தோட்டக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு லாரி வைத்துக்கொண்டு, அவரவர் குலைக்கு ஏற்ப டிரிப் எடுப்பதைப் போலத்தான். எஸ்டோனியா, ஸ்லோவேனியா போன்ற சின்ன நாடுகள் தனியாக சி-17 வாங்குவதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. இங்கே தேவைப்படும் மணி நேரத்துக்கு மட்டும் செலவைப் பகிர்கின்றன.

அடுத்த தவறுதான் பணத்தை அதிகம் தின்பது. கூட்டில் சேர்ந்துவிட்டு, "எனக்கு மட்டும் கொஞ்சம் வேற மாதிரி" என்று கேட்பது. என்எச்90 ஹெலிகாப்டருக்கு நடந்தது இதுதான். ஐரோப்பிய நாடுகள் கூடித் தயாரித்தன. ஆனால் ஒருவர் உள் உயரத்தை மாற்றச் சொன்னார், இன்னொருவர் ரேடாரை, வேறொருவர் இயந்திரத்தை. வகைகள் 20க்கு மேல் போய்விட்டன. பெயர்தான் ஒன்று, உதிரிபாகம் வேறு வேறு. அப்புறம் கூட்டுக்கு என்ன அர்த்தம்? நார்வே 14 கேட்டு, வருடக்கணக்கில் காத்திருந்து, 2022இல் ஒப்பந்தத்தையே முறித்துப் பணத்தைத் திருப்பிக் கேட்டது.

வாடிக்கையாளரையும் பங்காளியையும் ஒன்றாக நினைப்பதும் உண்டு. ஏ400எம் சரக்கு விமானம் ஏழு ஐரோப்பிய நாடுகளின் திட்டம். மலேசியா 2005இல் நான்கு கேட்டது. முதல் விமானம் வந்தது 2015 மார்ச்சில். மலாக்காவில் இருக்கும் சிடிஆர்எம் நிறுவனத்துக்குப் பாகங்கள் செய்யும் வேலை கிடைத்தது, அது நல்ல லாபம். ஆனால் தாமதம், செலவு ஏற்றம் பற்றிய முடிவுகளை எடுத்தது அந்த ஏழு நாடுகள்தான். நம்மோடு 2005இல் சேர்ந்த தென்னாப்பிரிக்கா 2009இல் விலகிக்கொண்டது.

பங்காளியாக இருந்தாலும் அரசியல் குறுக்கே வரும் என்பதை மறக்கக் கூடாது. அமெரிக்கா தலைமையிலான எஃப்-35 போர் விமானத் திட்டத்தில் துருக்கி பணம் போட்டது, பாகங்களும் செய்தது. ரஷ்ய எஸ்-400 ஏவுகணை வாங்கியதும் 2019இல் வெளியேற்றப்பட்டது. ஐரோப்பிய நாடுகள் கூடிச் செய்யும் யூரோஃபைட்டர் போர் விமானத்தைச் சவூதிக்கு மேலும் விற்க பிரிட்டன் தயாராக இருந்தும், கூட்டாளியான ஜெர்மனி 2024 ஜனவரி வரை தடுத்து வைத்தது.

ஆகவே ஒட்டுக்கடையில் கேட்ட "பாதி விலை" கிடைக்காது. ஆசியான் கூட்டு வேண்டுமென்றால் போர் விமானத்தில் தொடங்குவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அங்கே ரகசியமும் சந்தேகமும் அதிகம். இந்தோனேசியாவும் ஏ400எம் வாங்கியிருக்கிறது. இரண்டு நாடும் ஒரே உதிரிபாகக் கிடங்கைப் பகிர முடியுமா என்பதை முதலில் பேசிப் பார்க்கலாம்.