பழைய சிகரெட் அட்டை சேர்க்கலாம், வாங்க

புகைபிடிக்காதவர்களும் தாராளமாக இறங்கலாம். அந்தக் காலத்தில் சிகரெட் மெல்லிய காகித உறையில்தான் வந்தது. நசுங்காமல் இருக்க உள்ளே ஓர் அட்டையைச் செருகினார்கள். வெறுமனே கிடக்கும் அட்டையில் படம் போட்டு, 50 படம் ஒரு செட் என்று அறிவித்தால்? செட் முடியும்வரை அதே சிகரெட்டைத்தானே வாங்கியாக வேண்டும்! 1870களில் அமெரிக்காவின் ஆலன் அண்ட் ஜின்டர் சிகரெட் கம்பெனியும், 1880களின் கடைசியில் பிரிட்டனின் வில்ஸ் கம்பெனியும் பிடித்த வழி இது.

படி 1: ஒரே ஒரு செட்டில் தொடங்குங்கள். ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் அட்டை 2022இல் 72.5 லட்சம் டாலருக்கு விற்றது. அந்தப் பக்கம் போக வேண்டாம். வில்ஸ் 1938இல் வெளியிட்ட வான் தாக்குதல் முன்னெச்சரிக்கை செட் இன்றும் மலிவாகவே கிடைக்கிறது.

படி 2: பின்பக்கத்தைப் படியுங்கள். செட்டின் பெயர், வரிசை எண், குட்டி விளக்கம் எல்லாம் அங்கேதான். இந்த செட்டின் முதல் அட்டை, வீட்டில் எந்த அறையில் பதுங்குவது என்று சொல்கிறது. அடுத்தடுத்து விஷவாயு புகாமல் ஜன்னலை அடைப்பது, முகமூடி மாட்டுவது, தீக்குண்டை அணைப்பது. இரண்டாம் உலகப் போர் தொடங்கியது 1939இல். அதற்கு முந்தைய வருடமே, அப்பாவின் சிகரெட் உறையிலிருந்து எடுத்து பிள்ளைகள் இதையெல்லாம் படித்திருக்கிறார்கள். எனக்கு இந்த செட் பிடித்ததே இதனால்தான்.

படி 3: அசலா என்று பாருங்கள். வழக்கமான அளவு சுமார் 68 × 36 மில்லிமீட்டர். பழைய லித்தோ (கல்லச்சு முறை) அச்சை லென்ஸில் பார்த்தால் நிறப்புள்ளிகள் தாறுமாறாக இருக்கும். புது மறுபதிப்பில் பூப்போல ஒரே ஒழுங்காக அடுக்கியிருக்கும். புற ஊதா விளக்கில் அட்டை பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் காகிதம் பிற்காலத்தது. நான் முதலில் வாங்கியது மறுபதிப்பு; பின்பக்கம் பொடி எழுத்தில் அப்படியே போட்டிருந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

படி 4: முனை மழுங்கியது, ஆல்பத்தில் ஒட்டியது எல்லாம் விலை குறைவு. படம் பார்க்க மட்டும் என்றால் அதுவே போதும்.

படி 5: பிவிசி பிளாஸ்டிக் இல்லாத உறையில், ஒவ்வொன்றையும் தனியாக வையுங்கள். 1930களின் அட்டைகள் பலவற்றில் பின்புறம் பசை உண்டு. நம் ஊர் மழைக்காலப் புழுக்கத்துக்கு அது இளகிவிடும். ரப்பர் பேண்ட் போட்டு ஒரு டப்பாவில் வைத்திருந்தேன். ஐப்பசி முடிந்து திறந்தால் இரண்டு அட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பிரிக்க மனசு வராமல் அப்படியே வைத்திருக்கிறேன்.