காலுக்கு இறங்கும் நரம்பு வலி: கைரோபிராக்டரிடம் செல்வோர் கவனத்துக்கு

இடுப்பில் தொடங்கிப் புட்டம், பின்தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம்வரை சுரீரென்று இறங்கும் வலியைச் சயாட்டிகா என்கிறோம். முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கி, பேச்சுவழக்கில் சொன்னால் ஜவ்வு விலகி, உடலின் மிகத் தடித்த நரம்பான சயாட்டிக் நரம்பின் வேர்களில் ஒன்றை அழுத்துவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். 6 முதல் 12 வாரங்களுக்குள் பலருக்கு இவ்வலி பெரிதும் தணிந்துவிடுகிறது. இதை அறியாத பதற்றத்தில்தான் பலர், காணொளியில் கேட்ட 'படக்' சத்தத்தை நம்பி, முன்பின் தெரியாதவரிடம் முதுகைக் கொடுக்கிறார்கள். முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தி, சொடுக்கிச் சிகிச்சை தருபவரையே கைரோபிராக்டர் என்கிறோம்.

சிறுநீர் இறங்காமல் அடைத்துக்கொண்டாலோ, மலமும் சிறுநீரும் கட்டுப்பாடின்றிக் கழிந்தாலோ, தொடை இடுக்கும் ஆசனவாயைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போனாலோ, இரு கால்களும் வலுவிழந்தாலோ, கைரோபிராக்டரை அறவே மறந்து அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினாலும் மருத்துவரையே உடனடியாகப் பார்க்க வேண்டும். எலும்பு மெலிவு (ஆஸ்டியோபொரோசிஸ்) முற்றியவர்கள், புற்றுநோய் வந்தவர்கள், முதுகெலும்புக் காசநோய் ஐயம் உள்ளவர்கள், இரத்தம் உறையாமைக்கு மருந்து எடுப்பவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொண்டவர்கள் ஆகியோர் மருத்துவரின் ஒப்புதலின்றி முதுகைச் சொடுக்கவிடக் கூடாது.

1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டி. டி. பால்மர் தொடங்கிய கைரோபிராக்டிக் என்னும் இம்முறை, பிரிட்டன் போன்ற நாடுகளில் சட்டப்படி பதிவு பெற்றவர் மட்டுமே அப்பெயரில் செய்யக்கூடிய தொழிலாக உள்ளது. இந்தியாவில் இதற்கெனத் தனிப் பதிவு மன்றம் இல்லாததால், எங்கே, எத்தனை ஆண்டுகள் படித்தீர்கள் என்று நாமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. நன்றாகப் படித்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அவருடைய திறமையை எடைபோட உகந்த இடம், கை வைப்பதற்கு முன் அவர் செய்யும் பரிசோதனை. மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலை மெல்ல உயர்த்திப் பார்ப்பார். 30 முதல் 70 பாகைக்குள் காலில் வலி இறங்கினால் நரம்பு வேர் அழுத்தப்படுகிறது என்று ஐயுறுவார். குதிகாலில் நடக்கச் சொல்வதும், ஒற்றைக் காலில் நுனி விரல்களால் எழும்பச் சொல்வதும், குதிநாணைச் சிறு சுத்தியலால் தட்டுவதும் எந்த வேர் பாதிக்கப்பட்டது என்று அறிவதற்காகத்தான். இவை எதையும் செய்யாமல் நேரே மேசையில் குப்புறப் படுக்கச் சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

சிகிச்சையில், பக்கவாட்டில் படுக்கவைத்து இடுப்பில் விரைந்த சிறு தள்ளல் தருவது ஒரு வகை. இரண்டாகப் பிரிந்து மடங்கும் மேசையில் கீழ்முதுகை மெதுவாக இழுத்து வளைப்பது இன்னொரு வகை. வலி கடுமையாக உள்ளபோது மென்மையான இரண்டாவதைக் கேட்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. சொடுக்கும்போது கேட்கும் சத்தம் மூட்டு நீரில் வாயுக்குமிழி உண்டாவதோடு தொடர்புடையது; வட்டு உள்ளே போய்ப் பொருந்தியதற்கு அது சான்றாகாது. கால் வலிக்காக வந்தவரின் கழுத்தைத் திருப்ப வேண்டிய தேவை இல்லை; கழுத்துச் சொடுக்கில் அரிதாகத் தமனி கிழிந்து பக்கவாதம் நேர்வதும் உண்டு என்பதால் உறுதியாக மறுத்துவிடுங்கள்.

மறுநாள் சதை வலி இருப்பது இயல்பு. ஓரிரு நாளில் அது போய்விடும். அதைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, வலி எந்தப் பக்கம் நகர்கிறது என்பது. பாதத்தில் இருந்த வலி மேலேறி இடுப்போடு நின்றால், இடுப்பில் சற்றுக் கூடியிருந்தாலும் முன்னேற்றமே. இடுப்பிலிருந்து கீழே நீண்டாலோ மரத்தல் பரவினாலோ அடுத்த அமர்வுக்குப் போகக் கூடாது.

மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கைமுறைச் சிகிச்சையை உடற்பயிற்சியோடு சேர்த்தே தரலாம் என்கிறது. ஆகவே வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு, முழு நாளும் படுத்துக் கிடக்காமல் இயன்றவரை நடக்க வேண்டும். உறங்கும்போது ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துக்கொள்ளலாம். பல மாதங்களுக்கான அமர்வுகளுக்கு முன்கூட்டியே மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள். நான்கு வாரமாகியும் மாற்றமில்லையெனில் அதோடு நிறுத்திவிட்டு, எம்ஆர்ஐ தேவையா என்பதை எலும்பு அல்லது நரம்பு மருத்துவரிடம் கேளுங்கள். வலியே இல்லாத பலருக்கும் அந்தப் படத்தில் வட்டுப் பிதுக்கம் தெரிவதுண்டு என்பதால், அறிக்கையை மட்டும் படித்துவிட்டு அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்க வேண்டியதில்லை.