வாக்குச்சீட்டில் மூன்றாவதாக ஒரு பெயரை ஏற்ற நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க அதிபர் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் யாராவது கிளம்புவார்கள். ஜனநாயகக் கட்சியும் வேண்டாம், குடியரசுக் கட்சியும் வேண்டாம், எந்தக் கட்சியையும் சாராத ஓர் அமைப்பாகச் சேர்ந்து நல்ல வேட்பாளர் ஒருவரை நிறுத்துவோம் என்பார்கள். 2008 தேர்தலுக்கு யூனிட்டி08 வந்தது, 2012-க்கு அமெரிக்கன்ஸ் எலெக்ட், 2024-க்கு நோ லேபிள்ஸ். படித்தவர்கள் இருந்தார்கள், பின்னால் வந்த இரண்டிடமும் பணமும் இருந்தது, இரண்டு பெரிய கட்சிகள் மேலும் மக்களுக்குச் சலிப்பும் போதுமான அளவு இருந்தது. அப்படியும் மூன்றில் ஒன்றுகூட ஒரு வேட்பாளரின் பெயரை நவம்பர் வரை கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. வாக்காளருக்கு மூன்றாவதாக ஒரு பெயர் கண்ணில் பட வேண்டும் என்று விரும்புகிறவன் நான். அதனால்தான் ஒவ்வொரு முறையும் அதே குழியில் விழுவதைப் பார்க்க ஆதங்கமாக இருக்கிறது.

முதலில், இதை ஒரே தேர்தல் என்று நினைப்பது. இந்தியாவில் தேர்தல் ஆணையம் ஒன்றுதான், மக்களவைக்குச் சுயேச்சையாக நிற்க 10 பேர் முன்மொழிந்து 25,000 ரூபாய் டெபாசிட் கட்டினால் நாட்டின் எந்தப் பொதுத்தொகுதியிலும் அதே விதிதான். இந்தப் பழக்கத்தில் அமெரிக்காவைப் பார்த்தால் தலை சுற்றும். அங்கே கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் என்று ஒன்று உண்டு, ஆனால் அது பார்ப்பது பிரசாரப் பணக்கணக்கை மட்டும். வாக்குச்சீட்டில் யார் பெயர் வரும் என்பதை 50 மாநிலங்களும் வாஷிங்டன் நகரமும் தனித்தனியாக முடிவு செய்கின்றன, ஆக மொத்தம் 51 விதிப்புத்தகம். டென்னசியில் சுயேச்சை அதிபர் வேட்பாளர் வாக்குச்சீட்டில் ஏற 275 வாக்காளர்களின் கையெழுத்து போதும். கலிஃபோர்னியாவில் 2024-இல் ஏறக்குறைய 2.19 லட்சம் தேவைப்பட்டது. டெக்சாஸில் 1.13 லட்சம், அதுவும் பெரிய கட்சிகள் தங்கள் வேட்பாளரை வாக்காளர்களைக் கொண்டு தேர்ந்தெடுக்கும் மார்ச் மாத உட்கட்சித் தேர்தல் முடிந்த மறுநாள்தான் கையெழுத்து வாங்கவே ஆரம்பிக்கலாம், மே நடுவில் கொடுத்துவிட வேண்டும், போதாததற்கு அந்த உட்கட்சித் தேர்தலில் வாக்களித்தவர் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. இந்தக் கெடுவைத் தெரிந்துகொள்ளாமல் ஜனவரியில் 'நாடு தழுவிய இயக்கம்' என்று அறிவித்து ஏப்ரலில் விதியைப் படிக்க உட்காருகிறவர்களுக்கு டெக்சாஸ் அப்போதே போயிற்று.

சுயேச்சை வேட்பாளராகப் போவதா, புதிய கட்சியாகப் பதிவு செய்வதா என்ற கேள்வியையும் மாநிலவாரியாகத்தான் கேட்க வேண்டும். வட கரோலினாவில் 2024-இல் சுயேச்சைக்கு 83,000-க்கு மேல் கையெழுத்து தேவை, புதிய கட்சிக்கோ 14,000-க்குக் கீழே. 2024-இல் அதிபர் பதவிக்குக் கிளம்பிய ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர் சுயேச்சை என்று சொல்லிக்கொண்டே அங்கு 'வீ த பீப்பிள்' என்ற கட்சியைத் தொடங்கியது இதனால்தான். டென்னசியில் நேர் எதிர்: கட்சிப் பெயர் வேண்டுமென்றால் 275 பத்தாது, பல்லாயிரம் கையெழுத்து வேண்டும். "நாங்கள் கட்சி இல்லை, எங்கும் சுயேச்சைதான்" என்று கொள்கை பேசி, குறைவான கையெழுத்தில் முடிகிற வழியைக் கைவிட வேண்டாம். ஆனால் கட்சியாகப் பதிவு செய்தால் கூடவே வருகிற தொல்லையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நோ லேபிள்ஸ் அரிசோனாவில் அங்கீகாரம் வாங்கியது அதிபர் பதவி ஒன்றுக்காகத்தான். அங்கீகாரம் கிடைத்த பிறகு வேறு பதவிகளுக்கு அந்தக் கட்சியின் பெயரில் நிற்கிறோம் என்று மனுவோடு ஆட்கள் வந்தார்கள், அதைத் தடுக்க அமைப்பு நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.

கையெழுத்துக்கு வருவோம். பாதிப் பேர் தோற்பது இங்கேதான். ஒரு படிவத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மளிகைக் கடை வாசலில் ஒருவர் அட்டையை நீட்டுகிறார், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவசரமாகப் போகிற பெண் பெயரை எழுதி, இப்போது குடியிருக்கிற வீட்டு முகவரியைப் போடுகிறார். வாக்காளர் பட்டியலில் இருப்பது பழைய வீடு. பல மாநிலங்களில் அந்த வரி அடிபடும். அடுத்தவர் செல்லப்பெயரை எழுதுகிறார், அதற்கடுத்தவர் பக்கத்து மாவட்டத்துக்காரர், ஆனால் அந்தத் தாள் ஒரே மாவட்டத்துக்கு உரியது. இன்னொருவர் போன வாரமே வேறு கடை வாசலில் போட்டுவிட்டு மறந்துபோய் மறுபடி போடுகிறார். கடைசியில், கையெழுத்து வாங்கியவர் தாளின் அடியில் கொடுக்க வேண்டிய உறுதிமொழியில் தேதியை விட்டுவிட்டால் முழுத் தாளும் போய்விடும். கையெழுத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ஆள் வைக்கும்போது இது இன்னும் கூடும், ஏனென்றால் அவருக்கு எண்ணிக்கைதான் கூலி.

2004-இல் பென்சில்வேனியாவில் சுயேச்சை அதிபர் வேட்பாளர் ரால்ஃப் நேடருக்கு நடந்ததைப் படித்தால் போதும். தேவை 25,697. கொடுத்தது 51,000-க்கு மேல். அதாவது இரண்டு மடங்கு. எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் வரிவரியாகப் போய், பாதிக்கு மேல் செல்லாது என்று நீதிமன்றத்தில் நிரூபித்தார்கள், மிக்கி மவுஸ் என்ற பெயரில்கூடக் கையெழுத்து இருந்தது. பெயர் நீக்கப்பட்டதோடு முடியவில்லை, 81,000 டாலருக்கு மேல் எதிர்த்தரப்பின் செலவையும் கட்டச் சொன்னது நீதிமன்றம். ஆகவே 'ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வாங்கிவிட்டோம்' என்று நிம்மதியாக இருக்கக் கூடாது. வாங்கிய தாள்களை வாரம் ஒருமுறை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சம்பளம் கொடுத்தே ஆள் வையுங்கள். செல்லுபடியாகும் விகிதம் குறைந்தால் எந்த ஊரில், யார் வாங்கிய தாளில் குறைகிறது என்று அன்றே தெரிய வேண்டும்.

கையெழுத்து வாங்கும்போது உண்மையைச் சொல்லாமல் விடுவதும் பெரிய தவறு. 2023-இல் மெய்ன் மாநிலத்தில் வாக்காளர் பதிவேட்டில் நோ லேபிள்ஸ் கட்சியில் சேர்ந்ததாகப் பதிவான பலர், 'நான் ஏதோ ஒரு மனுவில் கையெழுத்துப் போடுகிறேன் என்றுதான் நினைத்தேன், கட்சி மாறுவது எனக்குத் தெரியாது' என்று தேர்தல் அதிகாரிகளிடம் முறையிட்டார்கள். தேர்தலைக் கவனிக்கும் மாநிலச் செயலாளர் அந்த வாக்காளர்களுக்கெல்லாம் கடிதம் அனுப்பி, அமைப்பையும் எச்சரித்தார். அமைப்பு தன் ஆட்கள் முறையாகத்தான் நடந்துகொண்டதாகச் சொன்னது. யார் சொல்வது சரியோ, நேர்மையான அரசியல் வேண்டும் என்று கிளம்பியவர்களைப் பற்றி ஊரில் வந்த முதல் செய்தி இதுவாகிவிட்டது.

காகித வேலையில் விழும் சின்ன ஓட்டை மொத்தத்தையும் கவிழ்க்கும் என்பதற்கு உதாரணங்கள் ஏராளம். கென்னடியின் ஆட்கள் நெவாடாவில் 15,000 கையெழுத்து சேர்த்துவிட்டதாக அறிவித்தார்கள், தேவை பத்தாயிரம் சொச்சம்தான். ஆனால் அந்த மனுவில் துணை அதிபர் வேட்பாளரின் பெயர் இல்லை. பெயர் தேவையில்லை என்று அதிகாரிகளே முன்னர் சொன்னதாக அவர்கள் வாதாடினார்கள், இருந்தும் திரும்ப முதலிலிருந்து வாங்க வேண்டியதாயிற்று. நியூயார்க்கில் அவர் மனுவில் கொடுத்த முகவரி அவர் உண்மையில் வசிக்கும் வீடு இல்லை என்று ஆகஸ்ட் 2024-இல் நீதிபதி தீர்ப்பளித்தார், ஒரே வரியால் லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்து வீணானது. நியூ மெக்சிகோவின் முன்னாள் ஆளுநர் கேரி ஜான்சன் 2011 டிசம்பரில் மிச்சிகன் குடியரசுக் கட்சி உட்தேர்தலிலிருந்து விலகும் கடிதத்தை மாலை 4 மணிக்குள் கொடுத்திருக்க வேண்டும், போய்ச் சேர்ந்தது 4:03-க்கு. உட்தேர்தலில் தோற்றவர் வேறு கட்சியில் நிற்கக் கூடாது என்ற விதியை அந்த மூன்று நிமிடத்தைக் காட்டிப் பிடித்துக்கொண்டார்கள், 2012 நவம்பரில் மிச்சிகன் வாக்குச்சீட்டில் அவர் பெயர் இல்லை. 2020-இல் விஸ்கான்சினில், அதிபர் தேர்தலுக்கு நின்ற ராப் பாடகர் கான்யே வெஸ்டின் ஆட்கள் 5 மணிக் கெடுவுக்குச் சில நொடிகள் தாமதித்து வந்து அதே கதி ஆனார்கள். கடைசி நாள் என்பதையே மறந்துவிடுங்கள். கெடுவுக்கு ஒரு வாரம் முன்பு கொடுப்பதற்குத் திட்டமிட்டால்தான் திருத்தவும் நேரம் இருக்கும்.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் தோற்க முடியும். அதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. அமெரிக்கன்ஸ் எலெக்ட் மேலே சொன்ன தவறுகளில் பெரும்பாலானவற்றைச் செய்யவில்லை. நல்ல வழக்கறிஞர்கள், நல்ல திட்டம், ஏறக்குறைய 3.5 கோடி டாலர் செலவு, 25 லட்சத்துக்கு மேல் கையெழுத்து. 25-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இடம் கிடைத்தது, கலிஃபோர்னியா உட்பட. மக்கள் இணையத்தில் வாக்களித்து வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பார்கள், அவர் தன் துணை அதிபர் வேட்பாளரை வேறு கட்சியிலிருந்து எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தகுதி பெற, அனுபவமுள்ள அரசியல்வாதி என்றால் பத்து மாநிலங்களில் தலா 1,000 ஆதரவாளர், மற்றவர்களுக்குத் தலா 5,000. போட்டியிடுவதாக அறிவித்தவர்களில் லூசியானாவின் முன்னாள் ஆளுநர் பட்டி ரோமர்தான் முதலிடம், அவருக்கே மொத்தம் ஏறக்குறைய 6,000 பேர்தான் கிடைத்தார்கள். 2012 மே மாதம் 'யாரும் தகுதி பெறவில்லை' என்று சொல்லிக் கடையை மூடினார்கள். வெயிலில் நின்று கையெழுத்து வாங்கியவர்களை நினைத்துப் பாருங்கள்: வாக்குச்சீட்டில் இடம் இருக்கிறது, அதில் எழுதப் பெயர் இல்லை.

பன்னிரண்டு வருடம் கழித்து நோ லேபிள்ஸும் அதையேதான் செய்தது. 7 கோடி டாலர் திரட்டும் திட்டத்தோடு ஏறக்குறைய 20 மாநிலங்களில் இடம் பிடித்தது, 'வேட்பாளரைப் பிறகு பார்ப்போம்' என்றது. பெயர் அடிபட்ட அரசியல்வாதிகளில் ஜோ மான்சின் வரவில்லை. லேரி ஹோகன் செனட் தேர்தலில் நிற்கப் போனார். நிக்கி ஹேலி வேண்டாம் என்றார், கிறிஸ் கிறிஸ்டியும் வேண்டாம் என்றார். 2024 ஏப்ரல் 4-ஆம் தேதி முயற்சியைக் கைவிட்டார்கள். 'முதலில் இடம் பிடிப்போம், பெரிய தலை தானாக வரும்' என்ற கணக்கு இருமுறை பொய்த்தது. பெரிய தலைக்கு இழக்க நிறைய இருக்கிறது, அவர் வரமாட்டார். 1992-இல் சுயேச்சையாக நின்ற கோடீஸ்வரர் ராஸ் பெரோவுக்கு நடந்தது தலைகீழ். முதலில் ஆள். தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் 'நீங்கள் 50 மாநிலத்திலும் என் பெயரை ஏற்றினால் நிற்கிறேன்' என்றார், தொண்டர்கள் ஓடினார்கள், ஐம்பதிலும் ஏற்றினார்கள்.

அதே பெரோவை வைத்தே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாடு முழுக்க 18.9 சதவீதம் வாக்கு வாங்கினார், மாநிலவாரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு அதிபரை முறைப்படி முடிவு செய்யும் 538 பேர் கொண்ட தேர்வாளர் குழுவில் அவருக்குக் கிடைத்தது பூஜ்யம். மெய்னும் நெப்ராஸ்காவும் தவிர மற்ற எல்லா இடத்திலும் முதலில் வந்தவருக்கே அந்த மாநிலத்தின் மொத்தத் தேர்வாளர்களும் போவார்கள். 538-இல் யாருக்கும் 270 கிடைக்காவிட்டால் பிரதிநிதிகள் சபை முடிவு செய்யும், அங்கே ஒரு மாநிலத்துக்கு ஒரு வாக்கு, அங்கே இருப்பவர்களோ இரண்டு பெரிய கட்சிக்காரர்கள். இந்தக் கணக்கை ஆதரவாளர்களிடம் முதல் நாளே சொல்லுங்கள். மறைத்தால், 'நீங்கள் வாக்கைப் பிரிக்க வந்தவர்கள்' என்று அடுத்தவர் சொல்லும்போது பதில் இருக்காது.

அப்புறம் பணம். அமெரிக்கன்ஸ் எலெக்ட், நோ லேபிள்ஸ் இரண்டும் நன்கொடையாளர் பட்டியலை வெளியிட மறுத்தன. சட்டப்படி அதற்கு இடம் இருந்தது, கொடுத்தவர்களைத் தொந்தரவு செய்வார்கள் என்று காரணமும் சொன்னார்கள். ஆனால் பெரிய கட்சிகள் பணக்காரர்களின் பிடியில் இருக்கின்றன என்று மேடையில் பேசிவிட்டு, யார் பணம் என்று கேட்டால் சொல்லமாட்டோம் என்பதை எந்த வாக்காளர் ஏற்பார்? இதைச் சாமர்த்தியம் என்று நினைப்பவர்களுக்கு நம்பிக்கை போனதே தெரியாது.

விதி அநியாயமாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு ஏற்கவும் வேண்டாம், கடைசி மாதத்தில் நீதிமன்றம் ஓடவும் வேண்டாம். 1980-இல் சுயேச்சை அதிபர் வேட்பாளர் ஜான் ஆண்டர்சனை ஓஹையோ மார்ச் மாதக் கெடுவைக் காட்டித் தள்ளியது. அவர் வழக்குப் போட்டு வாக்குச்சீட்டில் ஏறினார், 1983-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கெடுவே அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்றது. யூட்டா 2024 தேர்தலுக்கு ஜனவரி தொடக்கத்தையே கெடுவாக வைத்திருந்தது. கென்னடி முந்தைய டிசம்பரிலேயே வழக்குப் போட்டார், கெடு மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. 2028-ஐ மனதில் வைத்திருப்பவர்கள் 2027-க்குள் இந்த மாதிரிக் கெடுக்களைப் பட்டியல் போட்டு, எதை எதிர்ப்பது, எதற்குப் பணிந்து போவது என்று ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரோடு உட்கார்ந்து முடிவு செய்துவிட வேண்டும், ஏனென்றால் வாக்குச்சீட்டு அச்சுக்குப் போகிற நேரத்தில் தேர்தல் விதியைத் தொட நீதிபதிகள் பெரும்பாலும் தயங்குவார்கள்.